செலஸ்ரீனாவின் நாலாம் அத்தியாயத்துக்கு ஓர் எதிர்க்கட்சி

கிட்ட வாருங்கள் கண்மணிகளே. பின்னுக்கு இருப்பவர்கள் கதிரையைத் தூக்கிக்கொண்டு முன்னுக்கு வாருங்கள், கூச்சப்பட வேண்டாம். ஒரு பெண்பிள்ளை பட்டம் எடுக்க வேண்டும் என்பதற்காக நூற்று நாற்பத்து மூன்று நல்ல சனம் எப்படி எதிர்க்கட்சி ஆனார்கள் என்று இன்றைக்குச் சொல்லப்போகிறேன். இடையில் சிரிப்பு வந்தால் அடக்காதீர்கள். யாரில் பிழை என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்; அதற்கு இன்னும் ஒருவரும் பதில் கண்டுபிடிக்கவில்லை.

இத்தாலியின் பலெர்மோ நகரத்தில், சீசா என்கிற பகுதியில், ஒரு நாலாம் மாடி வீட்டில் செலஸ்ரீனா இருந்தாள். சொந்த ஊர் மன்னாரில் பேசாலை. யாழ்ப்பாணத்தில் பி.ஏ. முடித்த கையோடு எண்பத்தொன்பதில் வந்து சேர்ந்தவள். கூட இருந்தது அவளுடைய மச்சாள் றோசமலர். இரண்டு பேருக்கும் சின்னோரா என்று கூப்பிடுகிற இத்தாலிய அம்மாமாரின் வீடுகளில் வேலை. வேலை முடிந்தால் றோசமலர் காலை நீட்டிக்கொண்டு தொலைக்காட்சி பார்ப்பாள். செலஸ்ரீனா அரசியல் விஞ்ஞானம் படிக்கப் போவாள்.

அந்தக் காலத்து இத்தாலியில் பி.ஏ. ஒரு படி, எம்.ஏ. ஒரு படி என்று கிடையாது. முழுவதும் ஒரே ஏற்றம். உச்சிக்குப் போனால் அதற்குப் பெயர் லவுரேயா. நம் சனம் அதை எம்.ஏ. என்றே சொல்லிக்கொண்டது. சோதனை எல்லாம் வாய்ச்சோதனை, ஆகவே அவள் படித்ததும் வாயால்தான். சின்னோராவின் கணவருடைய சட்டைகளை இஸ்திரிப்பெட்டியால் அழுத்திக்கொண்டே, பலகையின் தலைமாட்டில் புத்தகத்தைச் சாய்த்துவைத்துச் சத்தமாகச் சொல்லிப் பார்ப்பாள். கேட்டுக் கேட்டு அந்தச் சின்னோராவுக்கும் அதிகாரப் பிரிவினை மனப்பாடம். சட்டம் இயற்றுபவனும் தீர்ப்புச் சொல்பவனும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்று மீன்காரனுக்கே விளக்கம் சொல்கிற அளவுக்கு அந்த அம்மா தேறிவிட்டார்.

ஆறு வருடம் ஓடியது. இருபத்தொரு சோதனையும் முடிந்தது. மிச்சம் ஆய்வேடு ஒன்றுதான். அதை வழிநடத்தியவர் பேராசிரியர் இன்சிங்கா. பற்றவைக்காத சிகரெட் ஒன்றை வாயில் வைத்துக்கொண்டே பேசுகிற மனிதர். தொண்ணூற்றாறாம் ஆண்டு ஜூலையோடு அவருக்கு ஓய்வு. அவருக்குப் பிறகு வரப்போகிறவர் பழைய மன்னர்களின் சபைகளைத் தவிர வேறெதையும் கையால் தொடமாட்டார் என்று பெயர் எடுத்தவர். ஜூலையில் முடிக்காவிட்டால் செலஸ்ரீனா எழுதிய நூற்றைம்பது பக்கமும் குப்பைக்குப் போகும். நோர்மானிய அரசர்களோடு அவள் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவளுக்கு முப்பத்து நாலு வயது. இன்னொருமுறை தொடங்க உடம்பிலும் தெம்பு இல்லை, மனத்திலும் இல்லை.

சிறிய புலம்பெயர் சமூகம் தன் தலைமையை எப்படித் தெரிவுசெய்கிறது என்பதுதான் அவளுடைய தலைப்பு. ஆய்வுக்கு எடுத்தது பலெர்மோத் தமிழரை. முதல் மூன்று அத்தியாயத்தையும் பேராசிரியர் மெச்சினார். நாலாவதைத் திறந்தார். அங்கே தலைப்பு மட்டும் இருந்தது: ‘ஒரு தேர்தல்’. கீழே வெள்ளைத்தாள்.

“தேர்தல் எங்கே, சின்னோரா?” என்று கேட்டார்.

அதுதான் சிக்கல். நம் சனத்துக்கு அங்கே வாக்குரிமை இல்லை. ஏப்ரலில் நாடு முழுக்கத் தேர்தல் நடந்து சுவரெல்லாம் முகங்களாக ஒட்டிக்கிடந்தாலும், அது நம் வீட்டுக் கலியாணம் இல்லை. நம்முடையது என்று இருந்தது ஒன்றுதான்: ஓகஸ்ட் மாதம் மடுமாதா திருவிழாவை நடத்துகிற கோயில் குழு. அதற்கு வருடந்தோறும் தலைவர் தெரிவு உண்டு. ஆனால் தேர்தல் கிடையாது.

எப்படி என்று சொல்கிறேன். தெரிவுக்கு ஒரு கிழமை முந்தி, தலைவர் ஏர்னஸ்ற் வீடு வீடாகப் போவார். தேத்தண்ணி குடிப்பார். யாருக்கு என்ன மனக்குறை என்று கேட்பார். எல்லாவற்றையும் அங்கேயே பேசித் தீர்த்துவிட்டு எழும்புவார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய மண்டபத்தில் எல்லாரும் கையை உயர்த்துவார்கள். அது படம் பிடிப்பதற்கு. போட்டி என்று வந்தால் ஒருவருக்கு முகம் முறியும், முகம் முறிந்தவர் அடுத்த கிழமை பல்லரோச் சந்தையில் எதிர்ப்பட்டால் எங்கே பார்ப்பது? இப்படியே ஒன்பது வருடம், ஒன்பது முறையும் ஏர்னஸ்ற்தான்.

செலஸ்ரீனா அவரிடம் போனாள். போட்டி வைத்து, பெட்டி வைத்து, இரகசிய வாக்கு எடுத்து ஒரேயொரு தேர்தல் நடத்தித் தரும்படி கேட்டாள். ஏர்னஸ்ற் ஒரு தனியார் மருத்துவமனையில் கட்டில் தள்ளுகிற வேலை. நெஞ்சு முழுக்க இரக்கம். எங்கள் பிள்ளை எம்.ஏ. எடுப்பதற்குத் தேர்தல் வேண்டுமென்றால் தேர்தல் வைப்போம் என்று உடனே சம்மதித்தார்.

எதிர்த்துப் போட்டியிட ஆள் தேடினார்கள். ஒருவரும் வரவில்லை. கடைசியில் ஊர்காவற்றுறை ஜோக்கிம், போர்கோ வெக்கியோவில் ஒரு மதுச்சாலைக் குசினியில் பாத்திரம் கழுவுகிறவர், “பிள்ளைக்காக நிக்கிறன்” என்று முன்வந்தார். நின்றதோடு விடவில்லை. தனக்கு வாக்குப் போட வேண்டாம் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டுக்கொண்டார். மேடையில் இருவரும் பேசினார்கள். ஜோக்கிம் கால் மணித்தியாலம் ஏர்னஸ்ற்றைப் புகழ்ந்தார். ஏர்னஸ்ற் அரை மணித்தியாலம் ஜோக்கிமைப் புகழ்ந்தார். வாக்குப்பெட்டியாகப் பனெத்தோனே கேக் வந்த பெரிய பெட்டியில் ஓட்டை வெட்டியிருந்தார்கள். எண்ணுவதற்கு நடுநிலையான ஆள் வேண்டும் என்பதால், கோயிலுக்கே வராத மொரிசியஸ்காரி லில்லியானைக் கூட்டிவந்தார்கள். அவளும் தமிழ் வழி வந்தவள்தான், முருகனைக் கும்பிடுகிறவள். நம் சண்டையில் அவளுக்குப் பங்கு இல்லை.

லில்லியான் எண்ணிச் சொன்னாள்: ஏர்னஸ்ற்றுக்கு நூற்று நாற்பத்திரண்டு, ஜோக்கிமுக்கு ஒன்று.

அந்தத் தாளைப் பார்த்ததும் பேராசிரியர் வாயிலிருந்த சிகரெட்டைக் கையில் எடுத்தார். அந்த ஒன்று யாருடையது என்று கேட்டார். தலைவருடையது, தனக்குத்தானே போட அவருக்கு வெட்கமாக இருந்தது என்று செலஸ்ரீனா உண்மையைச் சொன்னாள். அப்படியானால் போட்டியிட்டவர்? அவரும் தலைவருக்குத்தான் போட்டார்.

“சின்னோரா, சர்வாதிகாரிகள்கூடத் தொண்ணூற்றெட்டு வீதத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள்,” என்றார் அவர். “பரீட்சைக் குழுவில் பதினொரு பேர். இதைக் காட்டினால் உங்களையும் என்னையும் சேர்த்து வாசலால் அனுப்புவார்கள். எனக்கு எதிர்ப்பு வேண்டும். நாற்பது பேராவது வேறு மாதிரி வாக்களிக்கட்டும்.”

செலஸ்ரீனா பேருந்தில் வரும்போதே அழுதுவிட்டாள். வீட்டில் றோசமலர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்துவிட்டு, யார் செத்தது என்று கேட்டாள்.

அடுத்த ஞாயிறு மண்டபத்தில் கூட்டம். எதிர்ப்பதற்கு நாற்பது பேர் தேவை என்று ஏர்னஸ்ற் அறிவித்தார். எல்லாரும் நிலத்தைப் பார்த்தார்கள். ஏர்னஸ்ற் நல்ல மனிதர், அவரை எப்படி எதிர்ப்பது? என் மகளின் முதல் நன்மை விருந்துக்கு அவர்தான் கேக் கொண்டுவந்தார் என்றாள் ஒருத்தி. எங்களுக்கு எதிர்த்துப் பழக்கமில்லை, நாற்பது பேரைக் குலுக்கல் முறையில் எடுங்கள் என்றார் இன்னொருவர். அதற்கும் சம்மதமில்லை. தன் பெயர் விழுந்தால் மனைவி என்ன நினைப்பாள் என்ற பயம்.

றோசமலருக்குப் பொறுமை குறைவு. பின்னுக்கிருந்து எழும்பினாள்.

“எதிர்க்கிற ஆக்களின்ரை பேரெல்லாம் இந்தப் புத்தகத்தின்ரை கடைசியிலை வரும். தோல் மட்டை போட்டுக் கட்டி, பல்கலைக்கழக நூலகத்திலை வைப்பாங்கள். உலகம் முடியுமட்டும் இருக்கும். ஆதரிக்கிற ஆக்களுக்குப் பேர் இல்லை, தொகை மட்டும்தான்.”

அது பொய். செலஸ்ரீனா மறுக்க வாயெடுப்பதற்குள் கை உயர்ந்துவிட்டது. ஒன்று, இரண்டு, பிறகு ஒரேயடியாக. எண்ணிப் பார்த்தால் நூற்று நாற்பத்திரண்டு. உயராத ஒரே கை ஏர்னஸ்ற்றுடையது. அவர் மெல்ல இருமிவிட்டு, அந்தப் பட்டியலில் தன்னையும் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார்.

செலஸ்ரீனாவுக்குத் தலை சுற்றியது. முன்பு எல்லாரும் ஆதரவு. இப்போது எல்லாரும் எதிர்ப்பு, தலைவர் உட்பட. இதை எடுத்துக்கொண்டு போனால் பேராசிரியர் இந்தமுறை சிகரெட்டைப் பற்றவைத்துவிடுவார்.

அவள் தலையில் கைவைத்துக்கொண்டு நிற்க, ஜோக்கிம் ஒரு சின்ன விஷயம் கேட்டார். எதிர்க்கட்சி என்று ஒன்று இருந்தால் அதற்கு ஒரு தலைவர் இருக்க வேண்டும்தானே. தோற்ற ஆள் என்ற முறையில் அது தான்தானே? எல்லாரும் ஓம் என்று தலையாட்டப் போன நேரம், ஏர்னஸ்ற் தொண்டையைச் செருமினார்.

“ஜோக்கிம், குறை நினையாதையும். இந்தக் குழுவிலை என்ன என்ன பிழை இருக்கெண்டு ஒன்பது வருஷமாய்த் தெரிஞ்ச ஆள் நான். என்னை எதிர்க்க என்னைவிடத் தகுதியான ஆள் ஆர்?”

ஜோக்கிமின் முகம் சிவந்தது. பதினைந்து வருடப் பழக்கத்தில் அப்படி ஒரு நிறத்தை ஒருவரும் கண்டதில்லை.

“ஒன்பது வருஷம் தலைவராயிருந்தனீங்கள், அண்ணை. இதை எண்டாலும் எனக்கு விடுங்கோ.”

“பதவி ஆசையிலை நான் கேக்கேல்லை.”

“நானும் ஆசையிலை கேக்கேல்லை. ஆனால் கேட்டுட்டன்.”

கண்மணிகளே, அந்தக் கிழமை யாரும் யார் வீட்டிலும் தேத்தண்ணி குடிக்கவில்லை. ஏர்னஸ்ற் மன்னார், ஜோக்கிம் தீவு; ஆனாலும் மன்னார்ச் சனத்தில் பாதி ஜோக்கிம் பக்கம், தீவுச் சனத்தில் பாதி ஏர்னஸ்ற் பக்கம். ஊரை வைத்துக் கணக்குப் போட்ட செலஸ்ரீனாவின் இரண்டாம் அத்தியாயம் தவிடுபொடி. ஜோக்கிம் குசினி வேலை முடித்து ஈரக் கையோடு ஆட்களைப் பிடித்துப் பேசினார். ஏர்னஸ்ற் மருத்துவமனைப் படிக்கட்டில் பேசினார். எதிர்க்கட்சித் தலைவர் யார் என்று தீர்க்க, மே பத்தொன்பதாம் திகதி, மத்தியானப் பூசைக்குப் பிறகு, அதே கேக் பெட்டிக்கு முன்னால் வரிசை நின்றது. இந்தமுறை எழுதும்போது கையால் மறைத்துக்கொண்டு எழுதினார்கள்.

லில்லியான் மூன்று தரம் எண்ணினாள். ஜோக்கிமுக்கு எழுபத்திரண்டு. ஏர்னஸ்ற்றுக்கு எழுபது. ஒன்று செல்லாது, அதில் ‘மாதாவே எங்களைக் காப்பாற்றும்’ என்று எழுதியிருந்தது.

பேராசிரியருக்குக் கண் கலங்கிவிட்டது. எழுபத்திரண்டுக்கு எழுபது! நாற்பது வருட உத்தியோகத்தில் இப்படி ஒரு சுத்தமான எண்ணைத் தான் கண்டதில்லை என்றார். நாலாம் அத்தியாயம் பத்து நாளில் முடிந்தது. இருபத்தாறு பக்கம், மூன்று அட்டவணை.

ஆனால் பெட்டியைத் திரும்பக் கேக் பெட்டியாக்க முடியவில்லை. ஜோக்கிம் தன் பதவியைக் கடமையாக எடுத்துக்கொண்டார். ஏர்னஸ்ற் மண்டபத்து மின்விசிறியைத் திருத்தலாம் என்றார். ஜோக்கிம் எதிர்த்தார், எதிர்த்துவிட்டு ஜூன் வெக்கையில் வியர்த்து வடிய அதற்குக் கீழேயே இருந்தார். சாந்த ரொசாலியா என்கிற புனிதையின் மலைக்கோயிலுக்குப் போகிற பேருந்து ஏழு மணிக்கு என்றால் எட்டுக்கு என்பார். சரி, எட்டு என்றால் அதையும் எதிர்ப்பார். இரண்டு பேருடைய மனைவிமாரும் சந்தையில் ஒரே மீன்கடைக்குப் போவதை நிறுத்தினார்கள். மீன்காரனுக்குக் காரணம் விளங்கவில்லை. அவனிடம் நடந்ததைச் சொல்ல அவர்கள் இரண்டு பேருக்கும் இத்தாலியன் போதவில்லை.

செலஸ்ரீனா இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் சட்டை அழுத்தினாள். இரண்டு சட்டை கருகியது.

ஜூலை பத்தாம் திகதி வாய்ச்சோதனை. அங்கே அதைக் கதவைத் திறந்துவைத்துத்தான் நடத்துவார்கள்; சொந்தபந்தம் எல்லாம் வந்து பின்னுக்கு இருக்கலாம். செலஸ்ரீனாவுக்குச் சொந்தமென்று வந்தது நூற்று நாற்பத்து மூன்று பேரில் நூற்றுப் பத்துப் பேர். ஏர்னஸ்ற் ஆட்கள் இடப்பக்கம், ஜோக்கிம் ஆட்கள் வலப்பக்கம், நடுவில் ஆளில்லாத பாதை. லில்லியான் எந்தப் பக்கமும் இருக்க மறுத்துச் சுவரோடு நின்றாள்.

உள்ளே போகும்போதே பேராசிரியர் செலஸ்ரீனாவின் காதோடு ஒன்று சொல்லியிருந்தார். இந்த எதிர்க்கட்சி எப்போது வந்தது, ஏன் வந்தது என்று கேட்டால், முன்பே இருந்தது, ஆய்வாளர் கவனித்தார் என்று சொல்லுங்கள். அதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம். ஆராய்ச்சி செய்கிறவள் தானே உண்டாக்கியதைத் தானே அளந்தாள் என்று தெரிந்தால் அத்தோடு முடிந்தது.

பதினொரு பேர் வரிசையாக இருந்தார்கள். கட்டையாக முடி வெட்டிய ஓர் அம்மா, எல்லாப் பக்கத்திலும் அடையாளத் தாள் செருகி வைத்திருந்தவர், அதே கேள்வியைக் கேட்டார்.

“நீங்கள் இந்த ஆய்வை எடுத்திராவிட்டால், இந்த எதிர்க்கட்சி இருந்திருக்குமா?”

செலஸ்ரீனா திரும்பிப் பார்த்தாள். இடப்பக்கம் ஏர்னஸ்ற், கலியாணத்துக்குப் போடுகிற கோட்டில். வலப்பக்கம் ஜோக்கிம், பாத்திரம் கழுவி வெளுத்த கையை மடியில் வைத்தபடி. முன்பே இருந்தது என்று சொன்னால் பட்டம் கிடைக்கும். ஆனால் இந்தச் சனம் எப்போதும் அடிபட்டுக்கொண்டே இருந்தது என்று ஒரு புத்தகம் நூலகத்தில் கிடக்கும். அதை எழுதியது அவளாக இருக்கும்.

இருந்திராது என்றாள். எனக்கு நாலாம் அத்தியாயம் வெறுமையாக இருந்தது, அதை அவர்களால் தாங்க முடியவில்லை, எனக்காக உண்டாக்கித் தந்தார்கள் என்று இத்தாலிய மொழியில் தெளிவாகச் சொன்னாள். இன்சிங்கா கண்ணை மூடிக்கொண்டார்.

குழு முடிவெடுப்பதற்காகச் சனத்தை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். நடைவழியில் றோசமலர், செலஸ்ரீனா என்ன சொன்னாள் என்று எல்லாருக்கும் தமிழில் சொன்னாள். செலஸ்ரீனா சுவரில் சாய்ந்து, ஆறு வருடத்தை ஒவ்வொரு சோதனையாக மனத்தில் மடித்துவைத்துக்கொண்டிருந்தாள்.

ஜோக்கிமுக்கு மட்டும் கேட்டது வேறு. தன்னையே பொய் என்று செலஸ்ரீனா சொல்லிவிட்டாள் என்றுதான் அவர் எடுத்துக்கொண்டார்.

நேரே நடந்துபோய், சாத்தியிருந்த கதவைத் தள்ளித் திறந்தார். வாசல்காரர் பிடிக்கப் பார்த்தார்; ஈரத்தில் பழகிய கை, வழுக்கிக்கொண்டு போய்விட்டது. பதினொரு பேருக்கும் முன்னால் நின்று, தனக்குத் தெரிந்த நூறு இத்தாலியச் சொல்லையும் தமிழையும் கலந்து, தான் ஒன்றும் விளையாட்டுக்கு எதிர்க்கவில்லை என்றார். மின்விசிறி விஷயத்தில் தன் நிலைப்பாடு இன்றும் அதுதான் என்றார். ஏர்னஸ்ற் பின்னாலேயே ஓடிவந்தார். இழுத்துக்கொண்டு போகத்தான் வருகிறார் என்று செலஸ்ரீனா நினைத்தாள்.

“அவன் சொல்லுறது உண்மை, சின்னோரா,” என்றார் ஏர்னஸ்ற், மூச்சு வாங்க. “உண்மையாத்தான் எதிர்க்கிறான். ரெண்டு மாசமாய் எனக்குச் சோறு இறங்கேல்லை. எழுதிக்கொள்ளுங்கோ.”

“ஏழு மணி பஸ்ஸையும் எழுதச் சொல்லுங்கோ,” என்றார் ஜோக்கிம்.

“எட்டுக்குத்தானே மாத்தினனான்?”

“அதையும்தான் நான் எதிர்த்தனான்.”

றோசமலர் உள்ளே போய் மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று. அந்த முடி வெட்டிய அம்மா பேனாவைத் திறந்தார். ஜோக்கிமைப் பார்த்து, எந்த நாளிலிருந்து எதிர்க்கிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்டார். ஜோக்கிம் யோசிக்கவே இல்லை: மே பத்தொன்பது, மத்தியானப் பூசைக்குப் பிறகு. அதற்கு முதல்நாள்வரை? அதற்கு முதல்நாள்வரை இந்த மனிதர் எனக்குத் தமையன் மாதிரி. இப்போது? ஜோக்கிம் கொஞ்சம் தடுமாறினார். இப்போதும் தமையன்தான், ஆனால் எதிர்க்கிறேன் என்றார்.

அந்த அம்மா அதை எழுதினார். மற்றப் பத்துப் பேரும் எட்டிப் பார்த்தார்கள். பிறகு எல்லாரையும் மறுபடி வெளியே அனுப்பினார்கள். இந்தமுறை வாசல்காரர் கதவோடு முதுகைக் கொடுத்து நின்றார்.

அரை மணித்தியாலம் கழித்து எல்லாரையும் உள்ளே கூப்பிட்டார்கள். தலைமைப் பேராசிரியர் எழுந்து நின்று வாசித்தார். எதிர்க்கட்சிகளைப் பற்றி நூலகம் நிறையப் புத்தகம் இருக்கிறதாம். ஆனால் ஓர் எதிர்க்கட்சி பிறந்த நாளையும் நேரத்தையும் அதன் தலைவரே நேரில் வந்து பதிந்துகொடுத்தது இதுதான் முதல்தரமாம். செய்முறையில் பெரிய குறை இருக்கிறது, அந்தக் குறையை மாணவியே மறைக்காமல் சொல்லியிருக்கிறார். நூற்றுப் பத்துப் புள்ளிக்கு நூற்றிரண்டு. செலஸ்ரீனா அரசியல் விஞ்ஞானத்தில் பட்டதாரி.

அவள் நின்ற இடத்திலேயே குந்திவிட்டாள். இன்சிங்கா வந்து கைகொடுத்துத் தூக்கினார். அவர் வாயிலிருந்த சிகரெட் எரிந்துகொண்டிருந்தது.

பிறகு என்ன? சமரசம் ஆகியிருப்பார்கள் என்று நினைப்பீர்கள். இல்லை. பட்டதாரிக்கு விருந்து மண்டபத்தில். ஆனால் ஏர்னஸ்ற் பக்கம் பன்னிரண்டு மணிக்கு, ஜோக்கிம் பக்கம் இரண்டு மணிக்கு. முதல் பந்தியில் கோழிக்கறி. எதிர்க்கட்சி கோழியை எதிர்த்ததால் இரண்டாவதில் கணவாய்க்கறி. செலஸ்ரீனா, அங்கே பட்டதாரிக்குச் சூட்டுகிற இலை முடியோடு, இரண்டிலும் இருந்து சாப்பிட்டாள். இரண்டு பக்கமும் அவளுக்குப் பெரிய அகப்பையால்தான் போட்டார்கள். கணவாய் முடிகிற நேரம் ஏர்னஸ்ற் கதவடியில் வந்து நின்றார், உப்புச் சரியா என்று பார்க்கத்தான் வந்ததாகச் சொன்னார். ஜோக்கிம் ஒரு தட்டை நீட்டினார். உப்புக் கூட என்றார் ஏர்னஸ்ற். இல்லை, அளவு என்றார் ஜோக்கிம். அதைப் பேசி முடிக்க அவர்களுக்கு மாலை ஐந்து மணியாயிற்று, இரண்டாம் தட்டும் காலியாயிற்று.

அடுத்த நாள் காலை செலஸ்ரீனா வேலைக்குப் போனாள். கதவைத் திறந்த சின்னோரா ‘தொத்தோரெஸ்ஸா’, அதாவது பட்டதாரி அம்மா, என்று கூப்பிட்டு, அழுத்துகிற பலகைக்கு முன்னால் தானே போய் நின்றுகொண்டார். இன்றைக்கு நீ இரு, நான் அழுத்துகிறேன், அந்த எழுபத்திரண்டுக்கு எழுபதை முதலிலிருந்து சொல் என்றார்.

நீங்களும் எழும்பி வீட்டுக்குப் போங்கள் கண்மணிகளே, நேரமாகிறது. உங்கள் வீட்டுப் படிகளில் நல்ல சேதிகள் ஏறி வரட்டும். அடுப்பு அணையாமல் இருக்கட்டும். படிக்கிற பிள்ளைகளுக்கு வாய் திக்காமல், வேலைக்குப் போகிற கைகளுக்கு வலி தெரியாமல் இருக்கட்டும். ஒருவரையொருவர் எதிர்த்துப் பேசுகிற நாளிலும் ஒரே சட்டியில் எடுத்துச் சாப்பிடுகிற வீடாக உங்கள் வீடு இருக்க மாதா கண்பார்க்கட்டும்.